ஒப்புதல் எந்த மொழியில்?

ஆசிரியர் அவர்களுக்கு,

கரு ஸ்டெம் செல் (தொடக்கநிலைக் கருவிலிருந்து எடுக்கப்படும், உடலின் பலவகைச் செல்களாக வளரக்கூடிய செல்) ஆய்வு குறித்த தங்கள் தலையங்கம், கரு முழு உயிரா என்ற விவாதத்தோடு நின்றுவிட்டது. அதற்குச் சமயங்கள் ஒரே பதில் தரப்போவதில்லை. நம் மலேசியச் சுகாதார அமைச்சின் 2009ஆம் ஆண்டு வழிகாட்டி, ஆய்வுக்கென்றே கரு உருவாக்குவதைத் தடுக்கிறது. சோதனைக் குழாய்க் குழந்தை சிகிச்சையில் எஞ்சும் கருக்களைத் தம்பதியரின் ஒப்புதலோடு பயன்படுத்த இடமளிக்கிறது. ஆக, அந்த ஒப்புதல் எப்படிப் பெறப்படுகிறது என்பதே எனக்குப் பெரிதாகப் படுகிறது. பினாங்கில் தனியார் மருத்துவமனை ஒன்றில் என் தங்கை கையெழுத்திட்ட தாள்களில், எஞ்சும் கருக்களைப் பற்றி ஒரே வரி, அதுவும் ஆங்கிலத்தில். ஊசிக்கும் பணத்துக்கும் அலைபவர்கள் அதையா படிப்பார்கள்?

இதற்கென மலாய், சீனம், தமிழ் மொழிகளிலும் தனிப் படிவம் தேவை. ஆய்வுக் குழுவைச் சாராத ஒருவர் அதை விளக்கிய பிறகே கையெழுத்து வாங்க வேண்டும் என்று அமைச்சு கட்டாயமாக்கலாம்.

வாசகி,
பட்டர்வொர்த்