வாகன ஏசி வாயுவை எடைபோட்டு நிரப்ப வேண்டும்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பங்குனி பிறந்துவிட்டால் சேலம் முதல் கரூர் வரை தேசிய நெடுஞ்சாலை 44-இன் ஓரத்தில் ‘ஏசி கேஸ் ஃபில்லிங்’ என்று எழுதிய தட்டிகள் முளைத்துவிடுகின்றன. அரசு தொழிற்பயிற்சி நிலையத்தில் குளிர்பதனப் பிரிவின் ஆசிரியராக இருந்து ஓய்வுபெற்றவன் என்ற முறையிலும், அந்தத் தட்டிகளில் ஒன்றை நம்பி ஏமாந்தவன் என்ற முறையிலும் இக்கடிதத்தை எழுதுகிறேன்.

சென்ற ஆண்டு சித்திரையில் என் காரில் குளிர்ச்சி குறைந்தது. நெடுஞ்சாலையோரப் பட்டறை ஒன்றில் வண்டியை விட்டுவிட்டு, வெயில் தாங்காமல் எதிரே இருந்த கடைக்குப் போய் ஒரு தேநீர் குடித்துத் திரும்புவதற்குள் வேலை முடிந்திருந்தது. “கேஸ் கம்மியா இருந்துச்சு சார், ஏத்தியாச்சு, நாற்பது பவுண்டு காட்டுது” என்றார் அந்த இளைஞர். பவுண்டு என்று அவர் சொன்னது எடையை அன்று, சதுர அங்குலத்துக்கு இத்தனை பவுண்டு என்று அழுத்தமானி காட்டும் அழுத்தத்தை. எத்தனை கிராம் ஏற்றினார் என்று கேட்டேன். கேனை எடுத்துக் குலுக்கிப் பார்த்து, முக்கால் கேன் போயிருக்கும் என்றார். மூன்று வாரத்தில் மறுபடியும் வெறும் காற்றுதான் வந்தது.

வாகன ஏசியின் வாயு, பெட்ரோலைப்போலச் செலவாகித் தீரும் பொருளன்று. வாயுவை அழுத்தும் கம்ப்ரசர், அதன் வெப்பத்தை வெளியே விடும் கண்டன்சர், அழுத்தத்தைக் குறைக்கும் எக்ஸ்பான்ஷன் வால்வு, உள்ளே வரும் காற்றைக் குளிர்விக்கும் கூலிங் காயில் என மூடிய சுற்றுக்குள் அதே வாயு திரும்பத் திரும்பச் சுழல்கிறது. ரப்பர் குழாய்களின் வழியாகவும் கம்ப்ரசர் தண்டின் சீல் வழியாகவும் பல ஆண்டுகளில் சிறிதளவு கசிவது இயல்பே. ஆனால் ஒவ்வொரு கோடைக்கும் ஏற்ற வேண்டியிருந்தால் எங்கோ ஓட்டை இருக்கிறது என்றே பொருள். ஓட்டையைத் தேடாமல் வாயுவை மட்டும் ஏற்றுவது, விரிசல் விட்ட குடத்தில் தண்ணீர் ஊற்றுவதைப் போன்றது. குடத்திலாவது ஒழுகுவது கண்ணுக்குத் தெரியும்.

அழுத்தமானியின் முள்ளை மட்டும் பார்த்து வாயுவின் அளவைச் சொல்லிவிட முடியாது என்பதைத்தான் நான் முதன்மையாகச் சொல்ல விரும்புகிறேன். வீட்டு சமையல் எரிவாயு சிலிண்டரை நினைத்துக்கொண்டால் இது எளிதில் விளங்கும். 14.2 கிலோ நிறைந்த சிலிண்டரிலும், பாதி தீர்ந்த சிலிண்டரிலும், உள்ளே திரவம் எஞ்சியிருக்கும் வரை அழுத்தம் ஏறக்குறைய ஒன்றுதான். அந்த அழுத்தத்தைத் தீர்மானிப்பது வெப்பநிலையே தவிர அளவன்று. அதனால்தான் சிலிண்டர் கொண்டுவருபவரிடம் நாம் தராசில் வைத்துக் காட்டச் சொல்கிறோம். கார்களில் பரவலாக உள்ள ஆர்-134ஏ வாயுவும் அப்படியே. எஞ்சின் அணைந்து 35 டிகிரி வெப்பத்தில் நிற்கும் காரில், உள்ளே 400 கிராம் இருந்தாலும் 150 கிராம் இருந்தாலும் முள் ஏறத்தாழ 115 பவுண்டிலேயே நிற்கும். எஞ்சின் ஓடும்போது முள் காட்டுவதோ, வெளி வெப்பம், கம்ப்ரசரின் நிலை, மின்விசிறியின் வேகம், கண்டன்சரின் தூய்மை ஆகிய அத்தனையும் சேர்ந்த விளைவு. ஆகவே ‘நாற்பது பவுண்டு காட்டுது’ என்பதை வைத்துக்கொண்டு வாயு சரியாக இருக்கிறது என்று யாரும் முடிவு கட்ட முடியாது. எவ்வளவு வேண்டும் என்பதைத் தயாரிப்பாளரே பெரும்பாலும் பானட்டுக்கு அடியில் ஒரு சிறு தாளில் கிராம் கணக்கில் ஒட்டியிருக்கிறார். சிறிய கார்களில் இது பெரும்பாலும் அரை கிலோவுக்கும் குறைவு. இவ்வளவு சிறிய அளவில் ஐம்பது, நூறு கிராம் வேறுபாடு பெரிய வேறுபாடு. குறைந்தால் குளிர்ச்சி குறைவதோடு, வாயுவுடன் சேர்ந்து சுழல வேண்டிய எண்ணெயும் கம்ப்ரசருக்குச் சரியாகத் திரும்பி வராது. கூடினால் அழுத்தம் எகிறி, பாதுகாப்பு சுவிட்ச் கம்ப்ரசரை நிறுத்திவிடும், அல்லது திரவமே உள்ளே புகுந்து கம்ப்ரசரை உடைத்துவிடும்.

முறையான வேலை எப்படி நடக்க வேண்டும்? பழைய வாயுவை மீட்பு இயந்திரத்தில் உறிஞ்சி எடுத்து எடைபோட வேண்டும். எவ்வளவு குறைந்திருக்கிறது என்பதை அந்த எடையே சொல்லிவிடும். பிறகு உலர்ந்த நைட்ரஜனை அழுத்தத்துடன் செலுத்தி, இணைப்புகளில் சோப்பு நுரை தடவிக் கசிவைத் தேட வேண்டும். ஆனால் சில பட்டறைகளில் நைட்ரஜனுக்குப் பதிலாக, டயருக்குக் காற்றடிக்கும் கம்ப்ரசரின் காற்றை இதற்குப் பயன்படுத்துகிறார்கள்; அது தவறு. அதிலுள்ள ஈரம் பிறகு எண்ணெயைக் கெடுத்து அமிலத்தை உண்டாக்கும். கசிவை அடைத்தபின் குறைந்தது அரை மணி நேரம் வாக்யூம் பம்பை ஓட்ட வேண்டும். நல்ல வெற்றிடத்தில் உள்ளே இருக்கும் ஈரம் நம்மூர் வெப்பத்திலேயே கொதித்து வெளியேறிவிடும். ஐந்து நிமிடத்தில் பம்பை நிறுத்தினால் ஈரம் தங்கி, எக்ஸ்பான்ஷன் வால்வின் நுண்துளையில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். வாக்யூம் இறங்காமல் நின்றுவிட்டது, ஆகவே கசிவே இல்லை என்று சிலர் வாதிடுவார்கள். வெற்றிடத்தில் குழாயின் மீது இருப்பது வெளிக்காற்றின் சுமார் 15 பவுண்டு அழுத்தமே. ஓடும்போது உயரழுத்தப் பக்கத்தில் 200 பவுண்டுக்கு மேலும் ஏறுகிறது. பதினைந்துக்கு வாய் திறக்காத ஓட்டை இருநூறுக்குத் திறக்கும்.

அதன்பிறகுதான் கேனைத் தராசில் வைத்து வாயுவை ஏற்ற வேண்டும். ஏற்றி முடித்ததும் எஞ்சினைச் சற்று வேகமாக ஓடவிட்டு, உள்ளே குளிர்காற்று வரும் நடுத் திறப்பில் ஒரு வெப்பமானியைச் செருகி, வெளி வெப்பத்தையும் உள்ளே வரும் காற்றின் வெப்பத்தையும் கம்ப்ரசருக்குள் வாயு நுழையும் தாழழுத்தப் பக்கம், வெளியேறும் உயரழுத்தப் பக்கம் ஆகிய இரண்டின் அழுத்தங்களையும் குறித்துக்கொள்ள வேண்டும். தாழழுத்தம் கூடியும் உயரழுத்தம் குறைந்தும் இருந்தால் கம்ப்ரசர் தளர்ந்திருக்கலாம். இரண்டுமே எகிறினால் வாயு மிகுந்திருக்கலாம், அல்லது கண்டன்சர் அடைத்திருக்கலாம். கோழி லாரிகளின் பின்னால் ஓடும் எங்கள் ஊர் வண்டிகளின் கண்டன்சரில் இறகும் புழுதியும் தலையணை திணித்ததுபோல் அடைந்திருப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். அவற்றுக்குத் தேவை வாயு அன்று, ஒரு குழாய்த் தண்ணீர்தான்.

என் வண்டியில் கசிவு இருந்தது கண்டன்சருக்குப் போகும் குழாயின் இணைப்பில். எண்ணெய்க் கறையில் புழுதி ஒட்டிக் கறுத்திருந்த அந்த இடத்தை, என்னிடம் முன்பு படித்த ஒருவரே விரலால் தொட்டுக் காட்டினார். ரப்பர் ஓ-ரிங் ஒன்றை மாற்றினோம். அதற்கு முன் காற்றில் போன வாயுவுக்கு நான் கொடுத்த பணம் அந்த வளையத்தின் விலையைப்போல எத்தனையோ மடங்கு.

பணம் மட்டுமே இழப்பு என்றால் இவ்வளவு நீளமாக எழுதியிருக்க மாட்டேன். ஆர்-134ஏ ஓசோன் படலத்தைக் குலைக்காது என்பதால்தான் பழைய ஆர்-12 வாயுவின் இடத்துக்கு வந்தது. ஆனால் புவியைச் சூடாக்குவதில் நூறாண்டுக் கணக்கில் அது கரியமில வாயுவைப்போல் ஏறத்தாழ 1,400 மடங்கு வலிமை கொண்டது. 450 கிராம் கேன் ஒன்று காற்றில் கலந்தால் அது 600 கிலோவுக்கும் மேற்பட்ட கரியமில வாயுவுக்குச் சமம். 2016-இல் உருவான கிகாலி உடன்பாட்டை இந்தியா 2021-இல் ஏற்றது. இத்தகைய வாயுக்களின் பயன்பாட்டை 2032 முதல் படிப்படியாகக் குறைத்து, 2047-க்குள் 85 விழுக்காடு குறைப்பதாக ஒப்புக்கொண்டிருக்கிறோம். பட்டறையில் வால்வைத் திறந்து ‘புஸ்’ என்று வெளியே விடும் பழக்கம் மாறாமல் அந்தக் கணக்கு எப்படி நிறைவேறும் என்று எனக்கு விளங்கவில்லை.

இதை இப்போது எழுதுவதற்கு இன்னொரு காரணமும் உண்டு. 2025 அக்டோபர் 1 முதல் தயாரிக்கப்படும், மொத்த எடை 3.5 டன்னுக்கு மேற்பட்ட சரக்கு வாகனங்களின் ஓட்டுநர் அறையில் ஏசி கட்டாயம் என்று மத்திய அரசு 2023 டிசம்பரில் அறிவித்துவிட்டது. மே மாதத்தில் நாக்பூர் வழியாக வடக்கே வண்டி ஓட்டும் நாமக்கல் ஓட்டுநர்களுக்கு இது நெடுநாள் கழித்துக் கிடைத்த நியாயம். புதிய வண்டியின் ஏசியைத் தொழிற்சாலையில் சோதிப்பதற்கு இந்தியத் தர நிர்ணயமும் இருக்கிறது. அந்த வண்டி இரண்டு ஆண்டு குலுங்கி ஓடியபின் பட்டறைக்கு வரும்போது என்ன சோதனை செய்யப்படுகிறது என்பதைத்தான் யாரும் கேட்பதில்லை.

பட்டறை இளைஞர்களை நான் குறைசொல்லவில்லை. மீட்பு இயந்திரம் விலை மிகுந்தது. ஒரு மணி நேரம் காத்திருக்க வண்டிக்காரர்களாகிய நமக்கும் பொறுமையில்லை. ஆனால் கிராம் காட்டும் மின்னணுத் தராசும் ஒரு வெப்பமானியும் எந்தப் பட்டறைக்கும் எட்டாத செலவல்ல. ஏசி வேலைக்கான ரசீதில், எடுத்த வாயு எத்தனை கிராம், ஏற்றிய வாயு எத்தனை கிராம், வாக்யூம் எத்தனை நிமிடம், முடிவில் வந்த காற்று எத்தனை டிகிரி என்ற நான்கு எண்களையும் எழுதித் தருவதைப் போக்குவரத்துத் துறை கட்டாயமாக்க வேண்டும். தொழிற்பயிற்சி நிலையங்கள் நெடுஞ்சாலைப் பட்டறைக்காரர்களுக்கு ஞாயிற்றுக்கிழமைகளில் குறுகிய காலப் பயிற்சி நடத்த வேண்டும். மீட்பு இயந்திரத்தைத் தனித்தனியே வாங்க இயலாத பட்டறைகளுக்காக, லாரி உரிமையாளர் சங்கங்கள் பொதுவில் ஒன்றை வாங்கி வாடகைக்கு விடலாம். அந்த ஞாயிற்றுக்கிழமைப் பயிற்சி வகுப்புகளில் ஊதியமின்றிப் பாடம் எடுக்க நானும் ஆயத்தமாக இருக்கிறேன்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தொழிற்பயிற்சி நிலைய ஆசிரியர்,
நாமக்கல்.