அலமாரி மேல் ஒரு ட்ரோன்

தேரூர்,
புரட்டாசி 6

அன்பு மக்களே,

"ட்ரோன் எப்படிப்பா இருக்கு, ஒரு கிளிப்பாவது அனுப்புங்க" என்று போனில் மூன்று தடவை கேட்டுவிட்டாய். மழை, சார்ஜ் இல்லை, சிக்னல் இல்லை என்று மூன்று தடவையும் ஏதோ சொல்லித் தப்பித்தேன். உன் முதல் போனஸில் வாங்கி அனுப்பிய சாமான். போனில் உண்மையைச் சொன்னால் பாதியிலேயே "பரவாயில்லப்பா" என்பாய், நானும் அதோடு விட்டுவிடுவேன். அதனால்தான் உட்கார்ந்து எழுதுகிறேன்.

இங்கே எல்லாரும் சுகம். அம்மாவுக்கு முட்டுவலி கொஞ்சம் தேவலை. கன்னிப்பூ நெல் அறுப்பு நடக்கிறது. அறுவடை இயந்திரத்தின் பின்னால் கொக்குகள், பந்தியில் இடம் பிடிப்பதுபோல் ஒன்றையொன்று தள்ளிக்கொண்டு நடக்கின்றன. என் பிழைப்பு வழக்கம்போல்தான். நாலரைக்கு எழுந்து ஒரு கட்டன் சாயா, அப்புறம் சைக்கிளில் ட்ரைபாடைக் கட்டிக்கொண்டு குளத்தங்கரை. எட்டு மணிக்குத் திரும்பினால் ராத்திரி வரை கல்யாண வீடியோ எடிட்டிங். போன வாரம் ஒரு ஜோடியை முட்டம் கடற்கரை, மாத்தூர் தொட்டிப்பாலம், திற்பரப்பு என்று ஒரே நாளில் ஓட்டினோம். பாலத்தில் பெண்ணுக்குத் தலை சுற்றி உட்கார்ந்துவிட்டாள். நூற்றுப் பதினைந்து அடி உயரம், சுற்றாமல் என்ன செய்யும்? அந்தக் காசில்தான் என் சொந்தப் படத்துக்கு ஹார்ட் டிஸ்க் வாங்க வேண்டும். இந்தக் கணக்கு உனக்குப் புதிதில்லை.

லென்ஸில் பூஞ்சை பிடிக்கிற ஊர் இது. முறுக்கு டின்னில் சிலிகா ஜெல் போட்டு லென்ஸ்களை அடைத்து வைத்திருக்கிறேன். நீல மணிகள் ஈரம் குடித்து ரோஸ் ஆனதும் வாணலியில் வறுத்தால் மறுபடி நீலமாகிவிடும். உன் அம்மாவுடைய தோசைக்கல்லில் ஒருநாள் வறுத்துவிட்டேன். அதற்கு மேல் சொல்ல வேண்டாம். எனக்கென்று தனி வாணலி வந்துவிட்டது.

தேனீப் பெட்டி இரண்டில் ஒன்று காலி. தாத்தா காலத்தில், 1991, 92-இல், தாய்லாந்து சாக்புரூட் என்ற தேனீ வைரஸ் நோய் வந்து மார்த்தாண்டம் பக்கம் பெட்டி பெட்டியாகத் தேனீ செத்ததைப் பார்த்தவன் நான். அதனால் ஒரு பெட்டி காலியானாலே வயிற்றைக் கலக்குகிறது. இது நோயில்லை, எறும்புதான். மாசியில் ரப்பர் தளிர் விடும்போது மிச்சப் பெட்டியைக் குலசேகரத்தில் ஒரு நண்பர் தோட்டத்தில் கொண்டு வைக்கலாம் என்றிருக்கிறேன்.

சரி, ட்ரோன் விஷயம்.

நான் நாலு வருடமாக எடுக்கும் படம் எந்தக் குளத்தைப் பற்றி என்று உனக்குத் தெரியும். சுசீந்திரம்-தேரூர் குளங்களும் வேம்பனூரும் 2022-இல் ராம்சர் என்ற சர்வதேச ஈரநிலப் பட்டியலில் சேர்ந்துவிட்டன. நல்லது, அவற்றுக்கு ஒரு பெயராவது இருக்கிறது. நான் நிற்பது பட்டியலில் இல்லாத குளத்தங்கரையில். தாமரைக் குத்தகைக்காரருக்கும் எருமைக்கும் மட்டும் தெரிந்த குளம். நான்குவழிச் சாலைக்கு மண் கொட்டியபோது இப்படிப்பட்ட குளங்களுக்கு என்ன ஆனது என்று நீ ஊருக்கு வரும்போது பஸ்ஸிலிருந்தே பார்த்தாய். அந்தக் கோபத்தில் ஆரம்பித்த படம். ஆனால் போகப் போக அது ஒரு பறவையைப் பற்றிய படமாகிவிட்டது.

நீளவால் இலைக்கோழி. தாமரை இலை மேல் நடக்குமே, விரல் நீள நீளமாக இருக்கும், அதுதான். முட்டையிடும் காலத்தில் பின்கழுத்தில் தங்க முலாம் பூசினதுபோல் ஒரு மஞ்சள், அரிவாள்போல் வளைந்த நீள வால். இந்த இனத்தில் பெண் முட்டையிட்டுக் கொடுத்துவிட்டு அடுத்த ஆணைத் தேடிப் போய்விடும். அடைகாப்பதும் குஞ்சை வளர்ப்பதும் ஆண்தான். உன் அம்மாவிடம் சொன்னேன். "ஒரு ஜென்மமாவது அப்படிப் பிறக்கணும்" என்றாள்.

ஆவணியில் ஒன்று அடைக்கு உட்கார்ந்தது. ஒன்பது நாள் கரையில் பனைமூட்டில் நின்று நீள லென்ஸில் எடுத்தேன். என்னைப் பார்த்துப் பார்த்து அதற்குப் பழகிவிட்டது. ஆனால் கரையிலிருந்து பறவைதான் தெரியும், முட்டை தெரியாது. பத்தாம் நாள் உன் பார்சல் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை காலை, காற்றே இல்லை. முப்பது மீட்டரில் அது தலையைச் சாய்த்து ஒரு கண்ணால் மேலே பார்த்தது. இறக்கினேன். பத்து மீட்டரில் பதுங்கியது. இன்னும் இறக்கினேன். இலை ஓரங்கள் படபடக்க ஆரம்பித்ததும் எழுந்து ஓடிவிட்டது. போன் திரையில் நாலு முட்டை. புளியங்கொட்டை நிறத்தில், எண்ணெய் தடவித் துடைத்ததுபோல். பக்கத்து இலையில் ஒரு துளித் தண்ணீர் உருண்டுகொண்டிருந்தது. இத்தனை வருடத்தில் நான் எடுத்ததிலேயே அழகான ஷாட் அதுதான். 11 விநாடி.

பன்னிரண்டாவது விநாடியில் காக்கை வந்தது. அது வந்ததையே நான் திரையில்தான் பார்த்தேன் மக்களே, குளத்தை நிமிர்ந்து பார்க்கவில்லை. ட்ரோனை வைத்தே விரட்டப் பார்த்தேன், இலைதான் புரண்டது. ஒரு முட்டையைக் கொண்டுபோய்விட்டு இரண்டாவதுக்கும் வந்தது. ஆண் பறவை நாலு இலை தள்ளி நின்று பூனைபோல் "மியாவ், மியாவ்" என்று கத்திக்கொண்டிருந்தது. டியூபில் மிதந்துகொண்டு பூ பறித்த அண்ணாச்சி எல்லாவற்றையும் பார்த்துவிட்டு ஒன்றே ஒன்றுதான் கேட்டார்: "இத்தனை நாளும் கரையில நின்னுதானே எடுத்தீரு?"

மறுநாள் போய்ப் பார்த்தால் இலை காலி. இந்தப் பறவை பயந்தால் முட்டையை அலகுக்கும் நெஞ்சுக்கும் நடுவில் இடுக்கி வேறு இலைக்கு மாற்றும். மீதி இரண்டை அப்படி மாற்றியிருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொள்கிறேன். காக்கை கொண்டுபோயிருக்கவும் கூடும்.

அந்த 11 விநாடியைப் படத்தில் வைக்கப் போவதில்லை. எடிட்டிங்கில் உதவும் நண்பருக்கு இதில் கோபம். மேலிருந்து ஒரு ஷாட்கூட இல்லாவிட்டால் பழைய படம் மாதிரி இருக்கும், விழாக்களில் எடுக்க மாட்டார்கள் என்கிறார். இருக்கலாம். இப்போது எந்த ஆவணப்படத்தைப் போட்டாலும் முதல் காட்சியில் நாம் பருந்தாகிவிடுகிறோம். மேலே இருந்து பார்த்தால் எல்லா ஊரும் அழகுதான். ஆகாயத்தாமரை அழுகிய நாற்றம் அங்கே வராது.

இப்படிச் சொல்லிவிட்டு இன்னொன்றையும் சொல்லாமல் இருக்க முடியாது. (இந்தப் பத்தியை அம்மாவிடம் போனில் வாசித்துவிடாதே.) மேற்கே ஒரு குன்று, பெயர் வேண்டாம். சாலையிலிருந்து பார்த்தால் முழுக்க ரப்பர், பச்சை. அதன் பின்பக்கத்திலிருந்துதான் ராத்திரி ராத்திரியாக லாரிகள் பாறை ஏற்றிக் கேரள எல்லையான களியக்காவிளை பக்கம் போகின்றன. பத்து வருடமாகக் கேள்விப்படுகிறேன், ஒருநாளும் பார்த்ததில்லை. போன வியாழன் உன் ட்ரோனை அங்கே ஏற்றினேன். குன்றில் முன்பாதி மட்டும்தான் இருக்கிறது. பின்னால் வெட்டிய கேக்போல் நேர்ச்சுவர், அடியில் பச்சைத் தண்ணீர், அதன் ஓரத்தில் தீப்பெட்டி அளவுக்கு ஒரு லாரி. கரையில் நின்று நூறு வருடம் எடுத்தாலும் இது எனக்குக் கிடைத்திருக்காது. பைக்கில் இரண்டு பேர் வந்து யார் என்று விசாரித்தார்கள். கல்யாண ஜோடிக்கு லொகேஷன் பார்க்கிறேன் என்றேன். "இங்கேயா?" என்று சிரித்துவிட்டுப் போய்விட்டார்கள்.

அதனால் நீ அனுப்பியது வீணில்லை. திருப்பி அனுப்பவோ விற்கவோ போவதுமில்லை. தண்ணீருக்கு மேல் மட்டும் இனி அது பறக்காது. இப்போது அலமாரி மேல் பெட்டிக்குள் இருக்கிறது. பேட்டரியைப் பாதி சார்ஜில்தான் வைக்க வேண்டுமாம், அப்படியே வைத்திருக்கிறேன்.

தீபாவளிக்கு வரும்போது மைக்குக்குப் போடும் அந்த ரோமத் தொப்பி ஒன்று வாங்கி வா. பழையதை அணில் கடித்துக் கூட்டுக்குக் கொண்டுபோய்விட்டது. நேற்று விடியும் முன்னே குளத்து வடக்கு மூலையில், சம்பைப் புல்லுக்குள்ளிருந்து, இரண்டு தடவை "மியாவ்" கேட்டது. அதே ஆணா என்று சொல்ல முடியாது. பதிவு செய்து பார்த்தால் முழுக்கக் காற்றுச் சத்தம்.

அப்பா