அம்மிணிக்கு அப்பா எழுதுவது

அன்புள்ள அம்மிணி,

போனில் பேசினால் உன் அம்மா பக்கத்தில் வந்து நின்றுகொள்கிறாள். அதனால்தான் எழுதுகிறேன். இங்கே எல்லோரும் சௌக்கியம். மஞ்சள் வெட்டியாகிவிட்டது, இன்னும் வேக வைக்கவில்லை. அப்புச்சிக்குக் கால் வீக்கம் வடிந்துவிட்டது. ஊத்துக்குளிக்காரர்கள் மறுபடியும் ஆள் அனுப்பினார்கள். நான் ஒன்றும் சொல்லவில்லை.

"அடுத்தது கேஸ் லைன் க்ளீனிங்ப்பா" என்று சொல்லிவிட்டுப் போனை வைத்தாய். உங்கள் புது மின்நிலையத்துக்கு வாயு வருகிற குழாயை ஊதிச் சுத்தம் செய்யப்போகிறீர்கள், அதுதானே? அதற்கப்புறம் கட்டைவிரல் படம் மட்டும்தான் வருகிறது. வேலை இருக்கும், எனக்குத் தெரியாதா? மேட்டூர் அனல்மின் நிலையத்தில் 1987-இல் முதல் யூனிட் ஓட ஆரம்பித்தபோது நானும் நேரத்துக்கு வீடு வந்தவனில்லை. ஆனால் உன் அப்பத்தாவுக்கு யாரிடமாவது சொல்லி அனுப்புவேன்.

நாங்கள் ஊதியது நீராவி. குழாய்க்குள் வெல்டிங் கசடும் துருவும் கிடந்தால் நீராவியில் சுழல்கிற டர்பைன் போய்விடும் என்று, நீராவியை அதற்குள் விடாமல் தற்காலிகக் குழாய் வழியாக வெளியே திறந்துவிடுவோம். குழாய் வாயில் பளபளவென்று தேய்த்த தகட்டை வைத்து, அதில் எத்தனை குழி விழுந்திருக்கிறது என்று பார்ப்போம். குழி குறைகிற வரைக்கும் திரும்பத் திரும்ப ஊதுவோம். காது அடைத்துவிடும், கிட்டே நின்றால் தோல் வெந்துவிடும். ஆனால் நீராவி தீப்பிடிக்காது அம்மிணி.

அமெரிக்காவில் கனெக்டிகட் மாநிலத்தில் மிடில்டவுன் என்று ஒரு ஊர். உன்னுடையதைப் போலவே கேஸில் ஓடும் கம்பைன்ட் சைக்கிள் நிலையம் (கேஸ் டர்பைன் புகையின் சூட்டிலேயே இன்னொரு டர்பைனையும் ஓட்டுவது), 620 மெகாவாட், கட்டி முடிக்கிற சமயம். 2010 பிப்ரவரி 7 அன்று குழாயைச் சுத்தம் செய்ய இயற்கை வாயுவையே அழுத்தத்தோடு ஊதிக் கட்டடத்துப் பக்கத்திலேயே வெளியே விட்டிருக்கிறார்கள். எங்கோ ஒரு பொறி போதாதா? ஆறு பேர் போய்விட்டார்கள். அதை விசாரித்தவர்கள் எரிவாயுவை வைத்து ஊதவே கூடாது, காற்றையோ நைட்ரஜனையோ வைத்து ஊதுங்கள் என்று சொன்னார்கள். இதெல்லாம் உனக்குத் தெரியாததில்லை. இருந்தாலும் காற்றா நைட்ரஜனா என்று ஒரு வார்த்தை எழுதியிருக்கலாம்.

நைட்ரஜன் என்றாலும் மூடிய இடத்துக்குள் தலையை விடாதே. அது மணக்காது, எரிச்சல் தராது, ஆளை அப்படியே சாய்த்துவிடும். வீட்டு சிலிண்டர் கசிந்தால் நாறுவது அதில் வாசனைக்கு மருந்து கலப்பதால்தான், குழாயில் வரும் வாயு நாறும் என்று நம்பி நிற்காதே. வாயு அளக்கும் மீட்டரைப் பைக்குள் போடாமல் சட்டையிலேயே மாட்டிக்கொள்.

டீக்கடையில் உன் வேலையைப் பற்றிக் கேட்கிறார்கள். எங்கள் யூனிட் 210 மெகாவாட், கரியின் சூட்டில் மூன்றில் ஒரு பங்குக்குக் கொஞ்சம் மேலேதான் மின்சாரமாகும். இப்போது வருகிற பெரிய கேஸ் டர்பைன் ஒன்றே 400 மெகாவாட்டுக்கு மேல் தருகிறது, அது வெளியே விடும் 600 டிகிரி புகையில் தண்ணீரைக் கொதிக்கவைத்து இன்னொரு டர்பைனையும் ஓட்டுகிறார்கள், மொத்தத்தில் 60 சதவீதத்தைத் தாண்டுகிறது என்றேன். வெல்லம் காய்ச்சும் ஆலையில் முன்கொப்பரைத் தீயே பின்கொப்பரையையும் சுடவைப்பது மாதிரி என்றதும் எல்லோருக்கும் புரிந்துவிட்டது. சாம்பலே இல்லையா என்று ஒருவர் நம்பாமல் கேட்டார். என் மகள்தான் அங்கே புது நிலையத்தை ஓட வைக்கிற கமிஷனிங் வேலை பார்க்கிறாள், அவளையே கேளுங்கள் என்றேன். அவர் கேட்டால் நீ பதில் சொல்லிவிடுவாய், நான் கேட்டால்தான் கட்டைவிரல்.

சரி, திட்டவில்லை. வேளைக்குச் சாப்பிடு. அம்மா பருப்புப்பொடி இடித்து வைத்திருக்கிறாள், யாராவது அங்கே வந்தால் கொடுத்தனுப்புகிறோம். பண்ணாரி குண்டத்துக்கு வர முடியுமா என்றும் கேட்கச் சொன்னாள். ஊதுகிற வேலையை அவசரப்படுத்துகிறவன் எவ்வளவு பெரிய அதிகாரியாக இருந்தாலும் பர்மிட்டைப் பார்க்காமல் தலையாட்டாதே. காற்று, இல்லாவிட்டால் நைட்ரஜன்.

மிடில்டவுன் விஷயத்தை அம்மாவிடம் சொல்லவில்லை, நீயும் சொல்லிவிடாதே. ஊதப்போவது என்றைக்கு, அன்றைக்கு நீ எங்கே நிற்பாய் என்பதை மட்டும் எனக்குத் தனியாக எழுது.

அப்பா