காவலிலிருந்தவர்களுக்கு அப்பம் கொண்டுபோனது யார்?

ஞாயிறு பள்ளிப் பாடம் எழுதுகிறவர்களுக்கும், சபைகளில் வேதாகம நாடகம் போடுகிறவர்களுக்கும் அன்பின் ஸ்தோத்திரம்.

பவுலும் சீலாவும் பிலிப்பியில் பாடுகிற காட்சி என்றால் பின்திரையில் கம்பிக் கதவு வந்துவிடுகிறது. உயரத்தில் ஒரு சன்னல், அதில் நிலா வெளிச்சம், சுவரில் சாய்ந்து கைகூப்பிய இருவர். பாட்டு நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் அப்போஸ்தலர் 16ஆம் அதிகாரம் சொல்கிற இடம் இதுவல்ல.

அவர்களை அடைத்தது ‘உட்காவலறை’யில். வெளியறைக்கும் பின்னால், வெளிச்சம் எட்டாத அறை அது. பூமி அதிர்ந்து கதவுகள் திறந்துகிடந்தும் சிறைச்சாலைக்காரன் தீபங்களைக் கொண்டுவரச் சொல்லித்தான் உள்ளே ஓடுகிறான். கால்கள் தொழுமரத்தில். இரண்டு கட்டைகளைச் சேர்த்து, நடுவில் கணுக்காலுக்குத் துளை விட்டுப் பூட்டுவது தொழுமரம். ரோமர்களின் தொழுமரத்தில் துளைகள் பல இருந்தன. எத்தனை துளை தள்ளி மாட்டுகிறார்களோ அத்தனைக்குக் கால் அகலும். கி.பி. 177இல் லியோன் நகரத்துக் கிறிஸ்தவர்களின் கால்களை ஐந்தாம் துளைவரை அகட்டி மாட்டியதை, சபைச் சரித்திரம் எழுதிய யூசேபியஸ் பதிவுசெய்திருக்கிறார். அந்த நிலையில் புரண்டு படுக்க முடியாது. இவர்களுக்கோ முதுகெல்லாம் பிரம்படி. மல்லாந்தால் காயம் தரையில் உரசும், உட்கார்ந்தே இருந்தால் தொடை பிடித்துக்கொள்ளும். நடுராத்திரிக்குப் பிறகுதான் அந்தக் காயங்களை ஒருவன் கழுவுகிறான். ஆகவே சாய்ந்து உட்காரவைக்காதீர்கள். மேடை விளக்கை அணைத்துவிட்டுக் குரல்களை மட்டும் கேட்கவிடுங்கள்.

அதைவிடப் பெரிய குறை ஒன்றைச் சொல்லத்தான் இந்த மடல். உங்கள் பாடங்களில் சிறை என்றால் தண்டனை. அந்தக் காலத்தில் அது பெரும்பாலும் தீர்ப்பு வரும்வரை ஆளைப் பிடித்துவைக்கிற இடம். மோசேயின் நியாயப்பிரமாணத்தில் சிறைத்தண்டனையே கிடையாது. லேவியராகமம் 24இல் தேவதூஷணம் சொன்னவனைக் காவலில் வைப்பதுகூட, அவனை என்ன செய்வது என்று தெரியும்வரைதான். சிறை ஆட்களைப் பிடித்துவைக்கவே, தண்டிக்க அல்ல என்று 3ஆம் நூற்றாண்டு ரோமச் சட்ட அறிஞர் உல்பியனும் எழுதினார். தண்டனை என்பது அடி, அபராதம், நாடு கடத்தல், சுரங்க வேலை, மரணம்.

பிடித்துவைக்கிற இடம்தானே என்று அங்கே வயிற்றுக்குச் சரியாகப் போடவில்லை. கொடுத்தாலும் உயிரை ஒட்டவைக்கிற அளவுதான். ஆகாப் ராஜா, காவலில் போட்ட மிகாயா தீர்க்கதரிசிக்கு விதித்தது ‘இடுக்கத்தின் அப்பமும் இடுக்கத்தின் தண்ணீரும்’. போர்வை, மருந்து, மாற்றுத்துணி எல்லாம் வெளியிலிருந்து வரவேண்டும். வழக்கை எத்தனை நாள் இழுப்பது என்பதும் அதிகாரியின் விருப்பம். பணம் கிடைக்குமென்று எதிர்பார்த்த ரோம தேசாதிபதி பேலிக்ஸ், செசரியாவில் பவுலை 2 வருஷம் தீர்ப்பில்லாமல் வைத்திருந்தான். ஆனால் அவனே, பவுலுக்கு உதவிசெய்ய வருகிறவர்களைத் தடுக்கக்கூடாது என்றும் நூற்றுக்கு அதிபதிக்குக் கட்டளையிட்டான். அந்தக் கட்டளை இல்லாவிட்டால் 2 வருஷம் எப்படிப் போயிருக்கும்!

எரேமியாவின் 37, 38ஆம் அதிகாரங்களை இந்தக் கண்ணோடு வாசியுங்கள். பாபிலோனியர் எருசலேமை முற்றுகையிட்ட நாட்கள். கல்தேயரிடம், அதாவது அந்தப் பாபிலோனியரிடம், ஓடப்பார்த்தான் என்பது எரேமியாவின்மேல் குற்றச்சாட்டு. உண்மையான கோபம் அவர் சொன்ன தீர்க்கதரிசனத்தின்மேல். அவரை அடைத்தது முதலில் சம்பிரதி (எழுத்தர்) யோனத்தானின் வீட்டில். பிறகு காவற்சாலை முற்றம். அங்கே அப்பஞ்சுடுகிறவர்களின் வீதியிலிருந்து நாளுக்கு ஒரு அப்பம், நகரத்தில் அப்பம் தீரும்வரை. கடைசியில் மல்கியாவின் துரவு, அதாவது தண்ணீர் சேமிக்கிற குழி. பாறையில் குடைந்து சுண்ணாம்பு பூசிய அந்தக் காலத்துத் துரவுகள் பலவும் குப்பி போன்றவை: வாய் குறுகல், உள்ளே அகலம். சுவரில் கால் வைத்து ஏற வழியில்லை. தண்ணீர் வற்றி உளை (சேறு) மட்டும் மிச்சம். அதில் அவர் அமிழ்ந்தினார். இறக்கிவிட்டவர்கள் அவரைக் கையால் கொல்லவில்லை. பட்டினி பார்த்துக்கொள்ளும் என்று விட்டார்கள்.

எத்தியோப்பியனான எபெத்மெலேக்கு அவரைத் தூக்கியெடுக்க 30 பேரைக் கூட்டிக்கொண்டு வந்ததைச் சொல்கிறீர்கள், கந்தைத்துணிகளை விட்டுவிடுகிறீர்கள். உளை காலைக் கவ்விப் பிடிக்கும். மேலே இழுக்கும்போது ஆளின் எடையும் உளையின் இழுப்பும் சேர்ந்து கயிற்றில் தொங்கும். இளைத்த உடம்பில் வெறுங்கயிற்றைக் கட்டினால் அக்குளைக் கிழித்துவிடும். அதனால்தான் அவன் பழந்துணிகளைத் தேடி எடுத்துவந்து, அக்குள்களில் அவற்றை வைத்து, அதற்குமேல் கயிற்றைப் போடச் சொன்னான். பிள்ளைகளுக்கு இதைச் சொல்லிக்கொடுங்கள். இரக்கம் எப்படி வேலை செய்கிறது என்பது அந்தத் துணிகளில் தெரிகிறது.

சிறையில் பேதுருவைக் காவல்காத்தவர்கள் வகுப்புக்கு நால்வராக நான்கு வகுப்பு, மொத்தம் 16 பேர். இரண்டு சங்கிலி, இருபுறமும் ஒவ்வொரு சேவகன். கைதி தப்பினால் காவலனின் உயிர் போகும். பேதுரு தப்பியபோது ஏரோது ராஜா அந்தக் காவலரைக் கொல்லக் கட்டளையிட்டான். பிலிப்பியில் சிறைச்சாலைக்காரன் பட்டயத்தை உருவியதன் காரணமும் இதுவே. அந்தப் பயத்தைக் காட்டாமல் அவனைக் கோழைபோல நடிக்கவைப்பது அநியாயம்.

ரோமாபுரியில் பவுல் முதலில் இருந்தது வாடகை வீட்டில், ஒரு சேவகனோடு, சங்கிலியோடு. வாடகையை அரசு கட்டவில்லை. பிலிப்பி சபை எப்பாப்பிரோதீத்துவிடம் உதவி கொடுத்தனுப்பியது. வந்த இடத்தில் அவன் நோயாய் விழுந்து மரணத்துக்குச் சமீபமானான். 2 தீமோத்தேயு காட்டுகிற சிறைவாசம் இன்னும் கடினமானது. துரோவாவில் கார்ப்பு வசம் இருக்கிற மேலங்கியைக் கொண்டுவா, மாரிகாலத்துக்குமுன் வந்து சேர் என்று கேட்கிறார். நிருபத்தின் முடிவில் வருகிற உருக்கமான வரி என்று மட்டும் இதைக் கடந்துபோகிறோம். குளிர் வருகிறது, போர்த்திக்கொள்ள ஒன்றுமில்லை என்பதே செய்தி.

‘காவலிலிருந்தேன், என்னைப் பார்க்க வந்தீர்கள்’ என்று இயேசு சொன்ன வசனத்தை நலம் விசாரிக்கப் போவதாகவே பாடநூல்கள் விளக்குகின்றன. அந்தக் காலத்தில் பார்க்க யாரும் வராத கைதி பட்டினி கிடப்பான். பார்க்கப் போகிறவனுக்கும் ஆபத்து உண்டு: இவனும் அந்த மார்க்கத்தான் என்று காவலர் கண்டுகொள்வார்கள். ‘என் விலங்கைக்குறித்து அவன் வெட்கப்படவில்லை’ என்று, ரோமாபுரியில் தன்னைத் தேடிக் கண்டுபிடித்த ஒநேசிப்போருவைப்பற்றி பவுல் எழுதுவதன் கனம் அதுதான்.

அடுத்த முறை ரோமாபுரிக் காட்சி போடும்போது கம்பிக் கதவுக்குச் செய்கிற செலவை விட்டுவிடுங்கள். கையில் கூடையோடு, தெருத்தெருவாய் விசாரித்துக்கொண்டே வருகிற ஒருவனை மேடையில் ஏற்றுங்கள். கூடையில் அப்பம், எண்ணெய், ஒரு கம்பளி. அவனுக்கு ஒநேசிப்போரு என்று பெயர் வையுங்கள்.