போக ஒரு நேரம், வர ஒரு நேரம்

பள்ளத்தூர்

அன்புள்ள சொக்கு,

உன் கடிதம் கிடைத்தது. இங்கே எல்லாரும் சுகம். வீட்டு வளவில் ஒழுகிக்கொண்டிருந்த பக்கம் ஓடு மாற்றியாகிவிட்டது. முன்னோரைக் கும்பிடுகிற படைப்புக்கு நீயும் ஆச்சியும் கட்டாயம் வந்துவிட வேண்டும்.

சரி, நீ கேட்டதற்கு வருகிறேன். சிங்கப்பூரிலிருந்து சான் பிரான்சிஸ்கோவுக்குப் போக 15 மணி நேரத்துக்குக் கொஞ்சம் மேல், திரும்பி வர ஏறக்குறைய 17 என்று இணையத்தில் போட்டிருக்கிறதே, ஒரே தூரத்துக்கு எப்படி இரண்டு நேரம் என்கிறாய். காற்றுதான் காரணம். விமானம் பறக்கிற பத்துப் பதினோரு கிலோமீட்டர் உயரத்தில் மேற்கிலிருந்து கிழக்கே ஒரு காற்று ஓடுகிறது. குளிர்காலத்தில் ஜப்பான் பக்கம் அதன் வேகம் மணிக்கு 200 கி.மீ.யையும் தாண்டும். போகும்போது பின்னாலிருந்து தள்ளுகிறது, வரும்போது எதிர்த்து நிற்கிறது. டிசம்பரில் போனால் வித்தியாசம் இன்னும் கூடத் தெரியும்.

திருச்சியிலிருந்து சிங்கப்பூர் சுமார் 3,000 கி.மீ., நாலு மணி நேரம். அது ஒன்றுமில்லை. அங்கிருந்து சான் பிரான்சிஸ்கோ சுமார் 13,600 கி.மீ. முன் சீட்டுத் திரையில் பார்த்தால் விமானம் தைவான், ஜப்பான் பக்கம் ஏறிச் சுற்றிக்கொண்டு போவதுபோல இருக்கும். பைலட்டைத் திட்டாதே. பேரனின் உலக உருண்டையில் இரண்டு ஊருக்கும் நூல் பிடித்துப் பார், நூலும் அந்த வழியாகத்தான் போகும். தட்டையான படத்தில் பார்ப்பதால் வருகிற குழப்பம் இது.

இன்னொரு வேடிக்கை, காலையில் சிங்கப்பூரில் ஏறினால் அதே தேதி காலையில் அங்கே இறங்குவாய். நடுவில் ஓர் இரவு வந்து போயிருக்கும். திரும்பும்போது ஒரு தேதி காணாமலே போய்விடும். உன் சர்க்கரை மாத்திரையைத் தேதி பார்த்துப் போடாதே. எத்தனை மணி நேரத்துக்கு ஒன்று என்று புறப்படுமுன் டாக்டரிடம் எழுதி வாங்கிக்கொள். அப்புறம், இரண்டு மணிக்கொரு தரம் எழுந்து நட. நடைபாதை ஓரத்து சீட்டாகக் கேள், ஜன்னலில் பார்க்க அங்கே கடலும் மேகமும்தான்.

இணையத்தில் போடுகிற நேரம் விமான நிலையத்திலிருந்து விமான நிலையம் வரைக்கும்தான். நமக்குப் பயணம் வீட்டு முகப்பில் ஆரம்பம். புதுக்கோட்டை வழியாகத் திருச்சிக்கு இரண்டு மணி நேரம், அங்கே மூன்று மணி நேரம் முன்னதாகப் போய் நிற்க வேண்டும். (செட்டிநாட்டில் உலகப்போர்க் காலத்து ஓடுதளம் சும்மாதானே கிடக்கிறது என்று யாரும் கேட்பதில்லையா என்கிறாய். கேட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள்.) சிங்கப்பூரில் ஒன்றரை மணி நேர இடைவெளியில் மலிவாக டிக்கெட் காட்டினால் வேண்டாம் என்று சொல்லிவிடு. நம் வயதுக்கு நாலு மணி நேரமாவது வேண்டும். ஆக, வீட்டுக்கு வீடு ஒன்றரை நாள் பிடிக்கும்.

எங்கள் ஐயா பினாங்குக்குக் கொண்டுவிக்க, அதாவது தொழில் செய்யப் போன காலத்தில் நாகப்பட்டினத்தில் கப்பலேறினால் ஒரு வாரம்போல ஆகுமாம். போனால் மூன்று வருஷக் கணக்கை முடித்துத்தான் ஊர் திரும்புவார்கள். நாம் என்னடாவென்றால் 17 மணி நேரம் எப்படி உட்காருவது என்று கடிதம் எழுதிக்கொண்டிருக்கிறோம்!

பேத்திக்குச் சீப்புச்சீடையும் மணகோலமும் எங்கள் வீட்டு ஆச்சி இங்கேயே சுட்டுத் தருவதாகச் சொல்கிறாள். தேதி முடிவானதும் எழுது, திருச்சிக்குக் கார் பேசிவிடுகிறேன்.

அன்புடன்,
லெட்சுமணன்