குடும்பத் தலைவரின் கணவர்

சுகுபா, ஜப்பான்
அக்டோபர் 22, 2025

அன்புள்ள பாப்பா,

"நாள் முழுக்க அங்க என்னதாம்ப்பா பண்றீங்க?" என்று போன வாரம் போனில் கேட்டாய். பக்கத்தில் அம்மா இருந்ததால் சிரித்து மழுப்பிவிட்டேன். அதற்குப் பதில்தான் இது. தமிழில் எழுதுகிறேன். உன் ஞாயிற்றுக்கிழமைகளைப் பிடுங்கித் தமிழ்ப் பள்ளிக்கு அனுப்பியதற்கு இன்றாவது வட்டி வரட்டும். எழுத்துக் கூட்டியாவது படி.

காலை எட்டேகாலுக்கு அம்மா சைக்கிளில் ஆய்வகத்துக்குக் கிளம்பிவிடுவாள். அதற்குமேல் வீடு என் ராஜ்ஜியம். முதலில் குப்பை. பாட்டில் தனி, அதன் மூடி தனி, அதில் ஒட்டிய தாள் தனி. இதைப் பற்றி இங்கே வந்த ஒவ்வொரு அமெரிக்கனும் எழுதித் தீர்த்துவிட்டான், நான் வேறு எதற்கு. பிறகு துணி துவைத்துப் பால்கனிக் கழியில் காயப் போடுவேன். நியூ ஜெர்சியில் அத்தனை வருஷம் டிரையரில் போட்டு எடுத்தவனுக்கு, துணியை உதறி விரிக்கும்போது முகத்தில் தெறிக்கிற ஈரம் பிடித்துப்போய்விட்டது. வானிலை அறிக்கையை நான் இவ்வளவு பயபக்தியோடு எப்போதும் பார்த்ததில்லை.

கிரைண்டர் கதையை உனக்குச் சொல்லவில்லை. கப்பலில் வந்த சாமானில் அம்மா விடாப்பிடியாகச் சேர்த்தது அந்த டேபிள்டாப் கிரைண்டர் ஒன்றைத்தான். இங்கே பிளக் பாயிண்ட்டில் இரண்டு ஓட்டைதான் இருக்கிறது, மூன்றாவது பின்னுக்கு இடமில்லை. வாஷிங் மெஷின் வைக்கிற இடத்தில் மட்டும் எர்த் ஒயரை மாட்ட ஒரு திருகு உண்டு. ஆகவே பச்சை வால் தொங்கும் ஒரு அடாப்டரோடு நம் கிரைண்டர் குளியலறை வாசலில், வாஷிங் மெஷினை உரசிக்கொண்டு நிற்கிறது.

முதல் நாள் வழக்கம்போல அரை மணியில் நிறுத்திப் பார்த்தால் உளுந்து பொங்கவே இல்லை. பழைய உளுந்தைத் தலையில் கட்டிவிட்டான் என்று கடைக்காரரைத் திட்டினேன். பாவம், அவர் மேல் தப்பில்லை. 1890களில் டோக்கியோவுக்கு ஜெர்மனியிலிருந்து ஜெனரேட்டர் வாங்கினார்கள், ஒசாகாவுக்கு அமெரிக்காவிலிருந்து வாங்கினார்கள். அந்தக் கணக்கு இன்றுவரை நேராகவில்லை. கிழக்குப் பாதிக்கு 50 ஹெர்ட்ஸ், அதாவது மின்சாரம் நொடிக்கு 50 தடவை துடிக்கும், மேற்குப் பாதிக்கு 60. நாங்கள் இருப்பது கிழக்கில். 60க்குச் செய்த மோட்டார் ஆறு சுற்று சுற்ற வேண்டிய நேரத்தில் இங்கே ஐந்துதான் சுற்றும். ஒசாகாவில் வீடு கிடைத்திருந்தால் கல் அமெரிக்க வேகத்திலேயே ஓடியிருக்கும். இப்போது ஏழெட்டு நிமிஷம் கூடுதலாக விடுகிறேன். ஒரு சொட்டு மாவைத் தண்ணீரில் போட்டு, மிதந்தால்தான் நிறுத்துவேன். உளுந்துக்கு மாதம் ஒரு தடவை ரயிலேறி டோக்கியோவின் நிஷி-கசாய் பக்கம் போகிறேன். என்னை அமெரிக்காவுக்குக் கொண்டுபோன அதே வொய்2கே வேலைக்காக, அதாவது 2000ஆம் வருஷத்துக்காகக் கம்ப்யூட்டர்களைத் திருத்துகிற வேலைக்காக, இங்கே வந்து தங்கிவிட்ட நம் ஆட்கள் அங்கே நிறைய. நான் அமெரிக்கன் என்றால் அவர்கள் நம்புவதில்லை, சிரிக்கிறார்கள்.

ஆனால் என் அட்டை அப்படித்தான் சொல்கிறது. விமான நிலையத்திலேயே கையில் கொடுத்த அடையாள அட்டையில் நாடு என்ற இடத்தில் இரண்டே எழுத்து. பெய்கொக்கு என்று படிக்க வேண்டும். முதல் எழுத்துக்கு அரிசி என்று பொருள், அடுத்ததற்கு நாடு. அமெரிக்கா என்ற பெயரை அந்தக் காலத்தில் சீன எழுத்துகளைச் சத்தத்துக்காக அடுக்கி எழுதியிருக்கிறார்கள். அதில் 'மெ'க்கு வந்த எழுத்துதான் அரிசி, கடைசியில் அது மட்டும் தங்கிவிட்டது. தஞ்சாவூர் ஜில்லாவில் வயல் வரப்பில் வளர்ந்தவனுக்கு அரிசி நாட்டுக்காரன் என்று ஒரு அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது, ஆனால் அவர்கள் சொல்கிற ஊர் வேறு!

இந்த அரிசி நாட்டுக்காரனுக்குப் போன மாதம் ஒரு சோதனை வந்தது. அரிசி விலை இந்த வருஷம் எக்கச்சக்கம், ஐந்து கிலோ 4,000 யென்னைத் தாண்டிவிட்டது. அதனால் கலிபோர்னியாவின் கால்ரோஸ் அரிசியைக் கொண்டுவந்து அடுக்கியிருக்கிறார்கள். நான் பையைப் புரட்டிப் பார்ப்பதைக் கண்ட பக்கத்து வீட்டுப் பாட்டி, "உங்கள் ஊர் அரிசிதானே, எப்படி இருக்கும்?" என்று கேட்டார். அத்தனை வருஷத்தில் ஒரு நாளாவது நாம் அதைப் பொங்கியதுண்டா? சோனா மசூரிக்கு அப்பால் போனதில்லை. அதையெல்லாம் ஜப்பானிய மொழியில் சொல்ல எனக்கு ஏது வார்த்தை? "ஓய்ஷீ, ருசியாக இருக்கும்" என்று என் நாட்டுக்காக ஒரு பொய் சொல்லிவிட்டேன். அவர் ஒரு பை எடுத்துக்கொண்டார். இப்போது அவரை லிஃப்டில் பார்த்தால் கொஞ்சம் பயமாக இருக்கிறது. (நமக்கு இந்த ஊர் அரிசியே போதும். தயிர் சாதத்துக்கு இதைவிடக் குழைகிற அரிசி உலகத்தில் இல்லை.)

அட்டையில் இன்னும் இரண்டு வரி உண்டு. அதற்காகத்தான் இந்தக் கடிதமே. ஒன்று, என் விசா வகை: குடும்பத்தோடு தங்குபவர். இன்னொன்று: வேலை செய்ய அனுமதி இல்லை. தனியாக விண்ணப்பித்து அனுமதி வாங்கினால் வாரத்துக்கு 28 மணி நேரம் செய்யலாம், அவ்வளவுதான். நகராட்சி அலுவலகத்தில் முகவரியைப் பதிந்தபோது ஒரு தாள் கொடுத்தார்கள். நம் ரேஷன் கார்டு மாதிரி. குடும்பத் தலைவர் என்ற இடத்தில் அம்மா பெயர். எனக்கு நேரே உறவுமுறை என்ற கட்டத்தில் ஒரே ஒரு எழுத்து: கணவன். கவுன்டரில் இருந்த பெண் அதை விரலால் தொட்டுக் காட்டி, சரிதானே என்று கேட்டாள். சரிதான் என்று தலையாட்டினேன்.

எங்கேயோ பார்த்த மாதிரி இருக்கிறதே என்று அன்று ராத்திரி தூக்கம் வரவில்லை. 1998ல் அம்மாவின் பாஸ்போர்ட்டில் ஒட்டியிருந்ததும் இதேதான். ஹெச்-4, அமெரிக்காவுக்கு வேலைக்குப் போகிறவனின் மனைவிக்குக் கொடுக்கிற விசா. படிக்கலாம், சம்பாதிக்கக் கூடாது. சோஷியல் செக்யூரிட்டி எண் கூடக் கிடையாது. ஊரில் கல்லூரியில் வேதியியல் பாடம் நடத்திக்கொண்டிருந்தவள். 2005ல் கிரீன் கார்டு வரும்வரை ஏழு வருஷம். நடுவில் நீ பிறந்தாய். அம்மா பிஎச்.டி.யில் சேர்ந்ததெல்லாம் அதற்கப்புறம். "விசா அப்படி, நான் என்ன பண்றது" என்று நான் ஒரு தடவை சொன்னேன். அதற்குமேல் அவளும் பேசவில்லை, நானும் யோசிக்கவில்லை.

இங்கே எனக்கு எவ்வளவோ மேல், பாப்பா. நடக்க நடைபாதை உண்டு, சைக்கிள் உண்டு. நியூ ஜெர்சியில் எடிசன் ஊரில் நாங்கள் முதலில் இருந்த அபார்ட்மென்ட் உனக்கு நினைவிருக்காது. வாசலைத் தாண்டினால் ரூட் 1 நெடுஞ்சாலை. காரில்லாமல் எங்கும் போக முடியாது. பால் தீர்ந்தால் நான் வரும்வரை பால் இல்லை. அம்மாவுக்கு கார் ஓட்டச் சொல்லிக்கொடுக்க நான் எடுத்துக்கொண்ட காலம் இரண்டு வருஷம். நேரமில்லை என்பேன். கிரிக்கெட் பார்க்க நேரம் இருந்தது.

இங்கே லைசென்ஸ் வாங்கப் போனபோது அதற்கெல்லாம் சேர்த்துப் பழி தீர்ந்தது. மேரிலாந்து, வாஷிங்டன் மாநிலத்து லைசென்ஸ் இருந்தால் தேர்வே இல்லாமல் மாற்றிக் கொடுக்கிறார்கள். நியூ ஜெர்சிக்கு அந்தக் கொடுப்பினை இல்லை. எழுத்துத் தேர்வு பத்தே கேள்வி, தப்பித்தேன். (இந்த மாதம் முதல் தேதியிலிருந்து 50 கேள்வியாக்கிவிட்டார்கள்.) ஓட்டிக் காட்டுகிறதில்தான் வந்தது வினை. முதல் தடவை, திருப்பத்தில் இண்டிகேட்டர் என்று நினைத்துத் தட்டியது வைப்பர். சுள்ளென்று வெயில், கண்ணாடியில் வைப்பர் கறக் கறக்கென்று ஆடுகிறது. பக்கத்தில் உட்கார்ந்திருந்த அதிகாரி முகத்தில் ஒரு சலனமும் இல்லை. இரண்டாம் தடவை, இடது பக்கம் திரும்பும் முன் பார்க்கவில்லை என்றார். பார்த்தேனே என்றேன். "கண் பார்த்தது, தலை திரும்பவில்லை" என்றார். மூன்றாம் தடவை கழுத்து சுளுக்கிக்கொள்கிற அளவுக்குத் திருப்பி ஓட்டினேன். பாஸ். காத்திருந்த நேரமெல்லாம் அம்மா ஒரு வார்த்தை கேலி செய்யவில்லை. அதுதான் உறுத்தியது.

கேலி செய்யாதவள் என்றும் இல்லை. பால்கனியிலிருந்து சுகுபா மலை தெரியும், இரட்டைச் சிகரம். ஒன்று ஆண், ஒன்று பெண். ஆண் சிகரம் 871 மீட்டர், பெண் சிகரம் 877. இதைப் படித்த நாளிலிருந்து துணி எடுக்க வெளியே வரும்போதெல்லாம் மலையைப் பார்த்துவிட்டு என்னையும் ஒரு பார்வை பார்க்கிறாள்.

செவ்வாய்க்கிழமைகளில் மொழி வகுப்புக்குப் போகிறேன். தன்னார்வலர்கள் நடத்துவது. வியட்நாம், சீனா, வங்கதேசத்துப் பெண்கள், எல்லாருமே இங்கே படிக்கவோ வேலைக்கோ வந்தவர்களின் மனைவிமார். ஆம்பளை நான் ஒருத்தன்தான். இங்கே யாரும் சொந்தப் பெயரால் கூப்பிட மாட்டார்கள், குடும்பப் பெயரால்தான். நமக்குக் குடும்பப் பெயர் என்று பாஸ்போர்ட்டில் இருப்பது உன் தாத்தா பெயர். வகுப்பிலும் டாக்டர் வீட்டிலும் அந்தப் பெயரை நீட்டி முழக்கி, கடைசி 'ம்'மை 'மு' ஆக்கி, கூடவே 'சான்', 'சாமா' என்று ஒரு மரியாதைச் சொல்லும் சேர்த்துக் கூப்பிடுகிறார்கள். ஊரில் தாத்தாவைப் பெயர் சொல்லிக் கூப்பிட ஒருத்தருக்கும் தைரியம் கிடையாது. நான் ஒவ்வொரு தடவையும் அனிச்சையாக எழுந்து நின்றுவிடுகிறேன். அவர் வந்துவிட்டாரோ என்று.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அம்மா ஆறரைக்கு வருவாள். செருப்பைக் கழற்றிக்கொண்டே "இன்னிக்கு என்ன பண்ணீங்க?" என்பாள். சாதாரணமாகத்தான் கேட்கிறாள். ஆனால் எனக்கு உள்ளே ஒரு கணக்கு ஓட ஆரம்பித்துவிடும்: துணி, மாவு, கடை, பத்து கான்ஜி (ஜப்பானியர் எழுதும் சீன எழுத்து). எல்லாம் சேர்த்தாலும் ஒரு நாளுக்குக் காணாது போலிருக்கும். போன மாதம் ஒரு நாள் வெடுக்கென்று, "என்ன பண்ணுவேன், சும்மாதான் இருந்தேன்" என்று சொல்லிவிட்டேன். அம்மா ஒரு நிமிஷம் என்னையே பார்த்தாள். பிறகு தேங்காய் எடுக்க ஃப்ரிட்ஜைத் திறந்தாள்.

அது அவள் சொல்கிற வாக்கியம், பாப்பா. 1999ல் எடிசனில் நான் ஷூவைக் கழற்றிக்கொண்டே கேட்பேன். அவள் இதையேதான் சொல்வாள், இதே குரலில். நான் அதற்குள் டிவியைப் போட்டிருப்பேன்.

அன்று ராத்திரி சாப்பிடும்போது அந்த ஏழு வருஷத்தைப் பற்றிக் கேட்டுப் பார்த்தேன். "அதெல்லாம் போச்சுங்க, இட்லி ஆறுது" என்றாள். உன்னிடம் சொல்லக்கூடும். அடுத்த தடவை அவளைத் தனியாகக் கூப்பிட்டுக் கேள். நான் கடைக்குப் போய்விடுகிறேன்.

உன் சனிக்கிழமை இரவு எட்டு மணி என்றால் எங்களுக்கு ஞாயிறு காலை பத்து. நவம்பரில் சிகாகோவில் கடிகாரத்தை மாற்றியதும் அது பதினொன்று ஆகிவிடும். இங்கே மாற்றுகிற வழக்கமில்லை, மறந்துவிடாதே. ஐ.ஆர்.எஸ்.ஸிடமிருந்து, அதாவது அமெரிக்க வரித் துறையிடமிருந்து, கடிதம் ஏதாவது உன் முகவரிக்கு வந்தால் பிரித்துப் படம் எடுத்து அனுப்பு. எங்கே குடியிருந்தாலும் அரிசி நாட்டுக்கு வரிக் கணக்கு காட்டித்தான் ஆக வேண்டும். இங்குள்ள பேங்க் கணக்கு 10,000 டாலரைத் தாண்டினால் அதற்குத் தனியாக ஒரு படிவம் வேறு.

குளிருக்கு முன் அந்தப் பழைய ஜாக்கெட்டை மாற்று.

அன்புடன்,
அப்பா