சாக்குக்கார அம்மாவுக்கும், திட்டுகளைக் காக்க வந்த எல்லோருக்கும்

சேலம் மூக்கனேரி ஏரிக்குள் பறவைகள் கூடு கட்டும் மண் திட்டுகள் சரியாமல் காக்க, மண் மூட்டை அடுக்க வந்து நின்ற அத்தனை பேருக்கும் வணக்கம். அந்த நாலு நாள் எப்படிப் போனதென்று கன்னங்குறிச்சியில் யாரைக் கேட்டாலும் சொல்வார்கள். இங்கே மறுபடி எழுதப் போவதில்லை. திட்டு நிற்கிறது, கூடுகள் இருக்கின்றன. கையில் சேற்று வாடை போவதற்குள் நன்றியைச் சொல்லிவிடுகிறோம்.

முதல் நன்றி, லீ பஜாரில் பழைய சாக்கு விற்கும் அம்மாவுக்கு. பேரைப் போட வேண்டாம் என்று சொல்லிவிட்டார். மலிவாகக் கிடைக்கிறதே என்று அவரிடம் நாங்கள் கேட்டது வெள்ளை பிளாஸ்டிக் சாக்கு. எதற்கென்று விசாரித்தவர், தர மறுத்துவிட்டார். “வேண்டாம் கண்ணு. ஒண்ணு மேல ஒண்ணு வழுக்கும். வெயில் பட்டா நூல் நூலா உரியும்.” அந்த நூலைக் கொக்கும் நாரையும் கூட்டுக்குத் தூக்கிப் போகும், குஞ்சின் காலில் சுற்றி இறுக்கும். இது தெரிந்த நாங்களே வெள்ளைச் சாக்கு கேட்டுப் போனோம் என்பதுதான் வெட்கம்.

சணல் சாக்காக 400 எடுத்துப் போட்டார். ஒவ்வொன்றையும் உதறி உள்ளே கை விட்டுப் பார்த்தார். உள்ளே பிளாஸ்டிக் பை வைத்துத் தைத்தவற்றை ஒதுக்கினார். அதில் வேரும் இறங்காது, நீரும் கசியாது. மூட்டை தூக்குகிறவர்களின் கொக்கி குத்திய ஓட்டைகள் நல்ல சாக்கிலும் இருக்கும். கையளவு ஓட்டை போதும், பத்து நாளில் மண் முழுக்க ஏரிக்குள் போய்விடும். கடையை மூடிய பிறகும் விளக்கடியில் உட்கார்ந்து, கோணி ஊசியால் அவற்றையெல்லாம் தைத்தார். சாக்குக்கு மட்டும் காசு வாங்கினார், தையல் கூலியைத் தொடவில்லை.

கிளம்பும்போது இன்னொன்றும் சொன்னார்: “முட்ட முட்ட ரொப்பாதீங்க சாமி, முக்கால் சாக்கு போதும்.” அதுதான் எங்களைக் காப்பாற்றியது. நிறைத்த மூட்டை உருளையாக நிற்கும், இரண்டு மூட்டைக்கு நடுவில் அலை புகுந்து மண்ணை உறிஞ்சும். முக்கால் நிறைத்தால் தட்டையாகப் படிந்து பக்கத்து மூட்டையோடு ஒட்டிக்கொள்ளும். தண்ணீர் விளிம்பில் ஓரடி பள்ளம் பறித்து முதல் வரிசையை அதில் புதைத்தோம். மேல் வரிசைகளைச் செங்கல் கட்டுவதுபோல் மூட்டு மாற்றி, ஒவ்வொன்றையும் அரைச் சாண் உள்ளே தள்ளி வைத்தோம்.

சணல்தான் ஏன் என்று பலர் கேட்டார்கள். 2010இல் ஏரியைத் தூர்வாரியபோது அள்ளிய மண்ணைக் குவித்து உண்டாக்கிய திட்டுகள் இவை. வண்டல், நீரைக் குடித்து ஊறிக் கிடக்கும். ஏற்காட்டு மலையிலிருந்து வெள்ளம் வந்து ஏறும்போதைவிட, மழை ஓய்ந்து ஏரி மட்டம் சட்டென இறங்கும்போதுதான் இந்த மண் சரியும். வெளியே தாங்கிப் பிடித்த தண்ணீர் போய்விடும், உள்ளே ஊறியது போயிருக்காது. சணல் அதைக் கசியவிட்டு மண்ணைப் பிடித்துக்கொள்ளும். பின்னால் மக்கிப் போகும், அதற்குள் வேர் பிடித்தாக வேண்டும். அதனால் மேல் வரிசைச் சாக்குகளைக் கத்தியால் கீறி, அரை அடிக்கு ஒன்றாக வெட்டிவேர் நாற்று நட்டிருக்கிறோம். ஒரு கொத்துக்கு மூன்று தூர், தாளை ஒரு சாணுக்கு நறுக்கி.

மற்றவர்களையெல்லாம் ஒரே மூச்சில் சொல்லிவிடுகிறோம், கோபித்துக்கொள்ள வேண்டாம். நாற்றை வேர் காயாமல் ஈரச் சாக்கில் சுற்றிக் கொண்டுவந்தவர்கள், மண் அள்ளிய கல்லூரிப் பிள்ளைகள், மூன்று வேளையும் புளிச்சோறும் டீயும் தந்த கோரிமேட்டு வீடுகள், கூடு இல்லாத பக்கமாகவே பரிசலை ஒதுக்கிய மீன்காரர்கள். அடைகாக்கும் பறவையைக் கிளப்பிவிட்டால் முட்டையைக் காக்கா கொத்திக்கொண்டு போய்விடும் என்பது அவர்களுக்கு நாம் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. திட்டின் மேல் பத்துப் பேருக்கு மேல் ஏறினால் ஊறிய மண் பிளக்கும் என்றதும், ஒரு வார்த்தை பேசாமல் கரையிலேயே நின்று மூட்டை கட்டிக் கொடுத்தவர்களுக்கும் நன்றி. ட்ரோன் பறக்கவிட்டவருக்கு மட்டும் கிடையாது.

வேலை முடியவில்லை. தண்ணீர் ஒரு முழம் இறங்கியதும் கீழே இன்னொரு வரிசை வெட்டிவேர் நட வேண்டும். கோடையில் ஏரி வற்றினால் ஓரத்துத் திட்டுகள் கரையோடு சேர்ந்துவிடும். ஆடு தழையைத் தின்னும், கூட்டிலிருந்து தவறி விழுந்த குஞ்சை நாய் தூக்கும். அதற்கு முன் அனுமதி வாங்கி, திட்டைச் சுற்றி அகழி ஆழப்படுத்தித் தருவோம் என்று உங்கள் முன் வாக்குக் கொடுக்கிறோம். அள்ளும் மண்ணைத் திட்டின் விளிம்பில் கொட்ட மாட்டோம், அந்தப் பாரமே கரையைச் சரிக்கும், நடுவில்தான் போடுவோம்.

அம்மா, நீங்கள் கொடுத்தனுப்பிய மூன்று கோணி ஊசியில் ஒன்று ஏரிக்குள் விழுந்துவிட்டது. இரண்டையும் துடைத்து எண்ணெய் தடவி வைத்திருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை, புதிதாக ஒன்று வாங்கிச் சேர்த்துக் கொண்டுவருகிறோம்.

— திட்டுப் பராமரிப்பில் இருப்பவர்கள், கன்னங்குறிச்சி